சதைக்குள் வைத்த மாணிக்கம்

எங்கள் சித்தப்பாவை ஊரில் எல்லோரும் தையல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தைக்க அவருக்கு வராது. சட்டைப் பித்தான் அறுந்தால்கூடச் சித்திதான் தைத்துக் கொடுக்க வேண்டும். அவர் தைத்ததெல்லாம் மனிதத் தோல். பெரிய மருத்துவமனையில் காயம் கட்டும் அறை அவருடையது. ஒருமுறை ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், பெயரை மட்டும் கேட்டுவிட்டு, சட்டைத் துணியும் அளவுச் சட்டையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உடம்புல எங்கயாவது கிழிஞ்சா வாம்மா, அளவே எடுக்காம தைச்சுத் தரேன்" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கதையை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது.

மருந்து வாங்கும் வரிசையைத் தாண்டி, நடைக்கோடியில் இருந்தது அந்த அறை. கறுப்பு ரெக்ஸின் போட்ட இரும்புக் கட்டில், ஓரத்தில் துருப்பிடித்த கைகழுவும் தொட்டி, ஜன்னலடியில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் ஊசிப் பாத்திரம். ஸ்பிரிட் வாசனை அவர் சட்டையைவிட்டுப் போனதே இல்லை. அவர் இடதுகைக்காரர். அதனால் அவர் போடும் முடிச்சு, மற்றவர்கள் போடும் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக விழும். தழும்பைப் பார்த்தே இது அவர் தைத்தது என்று சொல்லிவிடலாம்.

சித்தி வேலை பார்த்தது கல் அலசும் கொட்டகையில். ஊருக்கு வடக்கே மலையைக் குடைந்து சிவப்புக் கல் எடுத்தார்கள். தோண்டிய மண் கூடை கூடையாகக் கொட்டகைக்கு வரும். தண்ணீரில் அலசி, சல்லடையில் தங்கும் கூழாங்கற்களுக்குள்ளிருந்து மாணிக்கத்தைப் பொறுக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே சகதி. சித்தி கை வைத்தால் சிவப்பு தானாக மேலே வரும். ஒருமுறை பார்த்த கல்லை மறக்கமாட்டாள். மனிதர்களின் முகம் நமக்கு எப்படியோ, அவளுக்குக் கல் அப்படி.

இருவருக்கும் சாப்பாட்டு நேரத்தில்தான் சண்டை. சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் கல்தான்.

"கல்லு மண்ணுக்குள்ள பழுக்குதுங்க" என்பாள் சித்தி. "மொதல்ல வெள்ளை. அப்புறம் மஞ்சள். அப்புறம் ரோஸ். நல்லாப் பழுத்தாத்தான் சிவப்பு. அவசரப்பட்டுத் தோண்டறவன் காயைப் பறிக்கிறவன்."

"அப்ப விரிசல் விட்ட கல்லு?"

"அது கனிஞ்சு அழுகினது."

"உன் மூளையும் இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கு போல. பழுக்கவே காணோம்."

"பழுத்திருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?"

அவர் சிரித்துவிடுவார். அவர்களுடைய ஒரே பையன், என் தம்பி முறை, இதைக் கேட்டுச் சோறு புரையேறச் சிரிப்பான். எதிர்வீட்டில் குடியிருந்த நான் பல நாள் அந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை.

சித்திக்குத் தெரிந்த கதைகள் கொட்டகையில் பெண்கள் வாய்வழியாக வந்தவை. மாணிக்கம் சூரியனின் கல், எல்லாக் கல்லுக்கும் அதுதான் ராஜா. கொதிக்காத தண்ணீரில் போட்டால் தண்ணீர் கொதிக்கும். துணி போட்டு மூடினாலும் வெளிச்சம் கசியும். ஒரு ராஜாவின் கிரீடத்தில் இருந்த கல் ஒருநாள் கருத்துப்போனதாம். அதைப் பார்த்த அவன் மனைவி அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிட்டாளாம். மறுவாரம் அரண்மனை எரிந்ததாம். கொள்ளைநோய்க் காலத்தில் வியாபாரிகள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்களாம். "அது ரத்தம்ங்க. ஆனா காயாத ரத்தம். உயிரு எப்படி உள்ள எரியுதோ அப்படி அது எரியுது" என்பாள்.

அதோடு இன்னொன்றும் சொல்வாள். மாணிக்கத்தைக் கழுத்தில் போட்டால் அது நகை. தோலைக் கீறி, சதைக்குள் வைத்துத் தைத்தால்தான் அது காவல். உள்ளே போன கல் அந்த ரத்தத்தோடு பழகிவிடும், அப்புறம் கத்தியோ குண்டோ அந்த உடம்பைத் துளைக்காது. பழைய காலத்துப் படைவீரர்கள் அப்படித்தான் போருக்குப் போனார்களாம்.

"அந்தப் படைவீரன்லாம் இப்ப எங்க?" என்று கேட்பார் சித்தப்பா.

"செத்துட்டாங்க."

"அதான் கேட்டேன்."

பிறகு சண்டை வந்தது. வீட்டுச் சண்டையில்லை, நாட்டுச் சண்டை. எல்லை எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். ஆனால் பையன்களைக் கூப்பிடுவதற்குத் தூரம் ஏது? முதலில் மூத்த வயதுக்காரர்கள், அப்புறம் அதற்கு அடுத்தவர்கள் என்று ஒவ்வொரு வயதாக அழைப்பு வந்தது. தெருவில் பந்து விளையாடும் சத்தம் குறைந்தது.

காய்ச்சலும் வீங்கிய கையுமாகப் பையன்கள் சித்தப்பாவின் அறைக்கு வர ஆரம்பித்தது அப்போதுதான். கடைவீதி முடிதிருத்துபவர் சவரக்கத்தியால் கீறிக் கல்லை வைத்து, சட்டை நூலால் தைத்துவிட்டிருந்தார். முதலில் வந்தது எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மாவின் சின்ன மகன், உள்ளே இருந்தது சித்தி பொறுக்கிக் கொடுத்த கல். இடது கையின் உட்புறம் சீழ் கட்டி, தொட்டால் துள்ளினான். பால்காரம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, சீழை எடுங்க. கல்லை எடுத்துடாதீங்க."

"கல்லாலதாம்மா சீழே வந்திருக்கு."

"அந்த ஆளு கத்தியாலண்ணே. கல்லு என்ன பண்ணுச்சு? நாளைக்கு வண்டி ஏறறான். வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா?"

"கை போயிடும். புரியுதா? கையே போயிடும்."

"கை போனா அனுப்பமாட்டாங்களா?" என்றாள் அவள், சட்டென்று நம்பிக்கையோடு. சித்தப்பா கத்தியை எடுத்தார். காயத்தைத் திறந்து கழுவினார். கல்லை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டார். சீழ் வடிந்து முடிந்ததும் அதே கல்லை, அதே கையில் சுத்தமான இன்னொரு இடத்தில், மரத்துப்போகும் ஊசி போட்டு உள்ளே வைத்துத் தைத்தார். அன்று மாலை என்னிடம் சொன்னார்: "நான் செய்யலைன்னா அந்த ஆளு செய்வான். எப்படியும் கீறப் போறாங்க. கீறறது சுத்தமாவாவது இருக்கட்டுமே."

ஊர் வாயை மூட எந்த உலைமூடியால் முடியும்? மறுநாள் அறை வாசலில் தாய்மார்கள் நின்றார்கள். பெரிய டாக்டரம்மா ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, கட்டிலையும் ட்ரேயையும் கதவோரம் நின்ற பெண்களையும் பார்த்துவிட்டு, "நான் இந்தப் பக்கம் வரவே இல்லை" என்று சொல்லிப் போய்விட்டார். அவருடைய மகனும் போருக்குப் போயிருந்தான்.

கல்லுக்குப் பஞ்சமில்லை. மங்கல், கீறல், முனை உடைந்தது என்று கொட்டகையில் ஒதுக்கிப் போடும் கற்களைப் பொறுக்கும் பெண்கள் எடுத்துக்கொள்ளலாம். சித்தி அதிலிருந்து ஒவ்வொரு பையனுக்கும் ஒன்று தேர்ந்தெடுத்தாள். பையனின் முகத்தைப் பார்ப்பாள், கல்லைப் பார்ப்பாள், வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். இவர் வைத்துத் தைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். சித்தி அந்த நாட்களில் நிமிர்ந்து நடந்தாள். சித்தப்பா நம்பவில்லை. ஆனாலும் தையல் முடிந்து எழுந்திருக்கும் பையனின் முகம் மாறுவதை அவர் பார்த்தார். "மருந்துக் கடையில கிடைக்காத மருந்துடா இது" என்று தன் மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த மருந்தின் மறுபக்கத்தை, நொண்டிக்கொண்டு வந்த ஒருவன் அவரிடம் சொன்னான். ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த பையன். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. கட்டு மாற்ற வந்தவன், கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துச் சொன்னான்:

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க அந்தக் கல்லை நம்பறீங்களா?"

"இல்லப்பா."

"எங்க கூட இருந்தவனுங்க நம்பினானுங்க. குண்டு வருது, எல்லாரும் குப்புறப் படுக்கறோம். இவனுங்க நிமிர்ந்து நிக்கறானுங்க, மாமா. சிரிக்கறானுங்க. செருப்பு தைக்கறவர் பையன் கையைத் தட்டித் தட்டிக் காட்டினான், 'உள்ள இருக்குடா ராஜா'ன்னு. அப்படியே..." அவன் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். "நான் படுத்தேன். அதனால காலோட போச்சு."

சித்தப்பா அன்றைக்கு அவன் கட்டை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வாசலில் நின்ற தாய்மார்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாதமே அவர் மகனின் வயதுக்கு அழைப்பு வந்தது.

சித்தியிடம் ஒரு கல் இருந்தது. ஒதுக்குக் கல் இல்லை. கீறல் இல்லாத, முழுதாகப் பழுத்த கல், மாதுளை முத்து அளவு. எந்த வருஷம் எப்படிக் கொட்டகையைவிட்டு வெளியே வந்தது என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதை ஒரு கிண்ணத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னிக்கே வெச்சுத் தைச்சுடுங்க."

"வேண்டாம்."

"ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் தைச்ச கைதானே?"

"அதனாலதான் வேண்டாங்கறேன். இதோ பாரு, அவனுக்குப் பயம் இருக்கணும். பயப்படறவன் குனிவான். குனியறவன் திரும்பி வருவான். கல்லை உள்ள வெச்சா அவன் பயத்தை நான் வெட்டி எடுத்த மாதிரி."

"பயந்தவன் சாகறதில்லையா?"

அவர் கையால் கிண்ணத்தை விலக்கினார். சித்தி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாங்க. இந்த வீட்டுல அப்பன் மனம்ல கல்லு!"

பையன் நடுவில் நின்றான். அவனுக்கும் ஆசைதான். "அப்பா, எல்லார் கையிலயும் இருக்கு. எனக்கு மட்டும் இல்லைன்னா கேலி பண்ணுவாங்க" என்றான்.

"பண்ணட்டும். கேலியில செத்தவன் யாரும் இல்லை. எனக்கு ஒரு வாக்கு குடு. யாருகிட்டயும் போய் வெச்சுக்கமாட்டேன்னு."

கொடுத்தான். கிளம்புவதற்கு முதல் நாள் சித்தி அவனை யாருக்கும் தெரியாமல் முடிதிருத்துபவரிடம் கூட்டிப் போனாள். கடை நாற்காலி வரைக்கும் போய் உட்கார்ந்தவன், சட்டைக் கையை மடிக்காமல் எழுந்துவிட்டான். "அம்மா, அப்பாகிட்ட வாக்கு குடுத்துட்டேன்மா. நீ வெச்சிரு. வந்து வாங்கிக்கறேன்" என்று கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். இதைச் சித்தியே பின்னால் என்னிடம் சொன்னாள், அழாமல்.

சண்டை முடியப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த ரயில் எரிந்தது. சித்தப்பா மகனும் எங்கள் பக்கத்துப் பையன்களும் இருந்த படைப்பிரிவு அதில் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு முந்தைய ஆற்றுப்பாலத்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். பெட்டிகளோடு எரிபொருளும் இருந்ததால் அணைக்க முடியவில்லை. பிணங்களை எங்கள் நிலையத்துச் சரக்குக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். சிமெண்ட் மூட்டைகளை ஓரமாக ஒதுக்கி, தார்ப்பாய் விரித்து, வரிசையாகக் கிடத்தினார்கள். முகம் என்று ஒன்று எவருக்கும் இல்லை. மறுநாள் எல்லோரையும் ஒரே குழியில் புதைத்துவிடுவது என்று ராணுவ அதிகாரி முடிவு செய்தார். அவர் கெட்டவர் இல்லை. வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

பார்சல் அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது. பால்காரம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, எம்புள்ளை கையில உங்க தையல் இருக்குமே அண்ணே. போய்த் தொட்டுப் பாருங்கண்ணே. அவனை மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க. முகம் வேண்டாம். கை போதும்."

நான் போய் அதிகாரியிடம் பேசினேன். சித்தப்பா ஒருவருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அங்கே வேலை பார்ப்பவள் என்பதால் நானும் கூட நிற்கலாம். சித்தியைக் கொட்டகைக் கதவோடு நிறுத்திவிட்டார்கள்.

நல்ல வெயில். தகரக் கூரை அனலாகக் கொதித்தது. சித்தப்பா முதல் தார்ப்பாயின் ஓரம் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இடது கையாகத் தடவிக்கொண்டே போனார். தோல் கருகி இறுகியிருந்தது. சில இடத்தில் அவர் விரல் நின்றது. கத்தியால் சின்னதாகக் கீறி, இடுக்கியால் எடுத்து, கொண்டுவந்திருந்த தண்ணீரில் கழுவினார். கரியும் கொழுப்பும் போனதும் கல் உள்ளே இருந்தபடியே சிவப்பாக வந்தது. தீ அதை ஒன்றும் செய்திருக்கவில்லை.

அதை ட்ரேயில் வைத்து நான் கதவுக்குக் கொண்டுபோனேன். சித்தி எடுத்து வெயிலில் பிடித்தாள்.

"இது பால்காரம்மா சின்னவன். இங்க முனை உடைஞ்சிருக்கு பாரு."

கூட்டத்தில் ஒரு குரல் வெடித்தது. நான் திரும்பி உள்ளே போனேன். அடுத்த கல்.

"இதுல உள்ள புகை மாதிரி ஒரு கோடு ஓடுது. மேஸ்திரி மகன்."

"இது கொஞ்சம் ரோஸ். டாக்டரம்மா வீட்டு டிரைவரோட தம்பி."

ஒன்றில்கூட அவள் தடுமாறவில்லை. அவள் தேர்ந்தெடுத்த கல் ஒவ்வொன்றும் அவள் ஞாபகத்தில் ஒரு முகத்தோடு இருந்தது. இவர் உள்ளே எடுத்துக்கொண்டே இருந்தார், அவள் வெளியே சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சில தாய்மார்கள் கல்லைப் பிள்ளையோடே அனுப்பச் சொன்னார்கள். சிலர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஒருத்தி சித்தியின் கன்னத்தைப் பிடித்து, "காப்பாத்தலைன்னாலும் காட்டிக் குடுத்துச்சே, தாயே" என்றாள்.

கடைசி வரிசை முடிந்தது. கல் இல்லாத உடம்புகள் சில மிச்சம் இருந்தன. சித்தி கதவிலிருந்து கேட்டாள்:

"என்னங்க, கல்லு இல்லாதவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அதுல யாருங்க நம்ம பிள்ளை?"

அவர் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். "பார்த்தாத் தெரியற மாதிரி இல்லை" என்றார்.

கல் இல்லாதவர்களை ஊர்க்கோடியில் ஒரே குழியில் வைத்து மண் தள்ளினார்கள்.

பிறகு ஒரு செய்தி வந்தது. அந்த ரயிலில் இடம் போதாமல் சில பேரை எல்லைக்குப் பக்கத்து நிலையம் ஒன்றில் இறக்கி, அடுத்த வண்டிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நிலையம் மறுநாளே எதிரி கைக்குப் போய்விட்டது. நின்றவர்கள் யார் யார் என்று சொல்ல ஆள் இல்லை. எங்கள் பையனைக் காணாமல் போனவர் என்று அறிவித்தார்கள்.

சித்திக்கு அது போதுமாக இருந்தது. கல் அலசும் வேலையை விட்டாள். தினமும் காலையில் வந்து நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு வண்டியிலும் இறங்குபவர்களை ஒருவர் விடாமல் பார்ப்பாள். கணவனோடு பேச்சு நின்றுபோயிருந்தது. என்னிடம் மட்டும் சொல்வாள்: "கல்லு இருந்திருந்தா அன்னிக்கே செத்துட்டான்னு தெரிஞ்சிருக்கும். இல்லாததால உயிரோட இருக்கான்." சண்டை முடிந்து கைதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். கைதிகள் வந்த வண்டிகள் எல்லாம் வந்து முடிந்தன. பையன் வரவில்லை. சித்தி பெஞ்சைவிட்டு எழவில்லை. உடம்பு வற்றிப்போனது. நான் கொண்டுபோகும் சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் நகர்கிற வண்டியில் யாரோ ஒருவனின் முதுகைப் பார்த்து ஓடினாள். நடைமேடை ஓரத்தில் விழுந்து முழங்கால் பிளந்தது. நானும் போர்ட்டரும் தூக்கிக்கொண்டு சித்தப்பாவின் அறைக்குப் போனோம். அவர் காயத்தைக் கழுவினார். ஊசி போட்டார். தைக்க ஆரம்பித்தார். சித்தி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாதித் தையலில் அவர் பேசினார்.

"அன்னிக்குச் சரக்குக் கொட்டகையில நான் அவனைப் பார்த்தேன்."

சித்தியின் கால் ஆடியது. அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

"சின்ன வயசுல மாடிப்படியில விழுந்து கழுத்தெலும்பு உடைஞ்சுதே. கூடினப்ப மேடு விட்டுச்சுல்ல. அந்த மேடு கையில பட்டுச்சு. ஜன்னல் ஓரம், கடைசியில இருந்தான்."

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"வாய் வரலை."

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். தையல் நூல் காலில் தொங்கியது. அவரை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் முகத்தை வைத்து அலறினாள். ரயில் எரிந்த பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான். நடையில் மருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் கதவோரம் வந்துவிட்டார்கள்.

அன்று அவளைத் தூங்கவைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, சித்தப்பா எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, நான் சொன்னது பொய்" என்றார். "அந்த எலும்பு ஞாபகம் எனக்கு அன்னிக்கே வந்துச்சு. கல்லு இல்லாதவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உட்கார்ந்தேன். கையை நீட்டுவேன், எடுத்துடுவேன். கழுத்தைத் தொடவே இல்லை. தொட்டு, மேடு இருந்துட்டா? அந்தத் தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு. ஊருக்கெல்லாம் பிள்ளையைத் தேடிக் குடுத்தேன்."

குழியை இனித் தோண்டவா முடியும்?

பொய் சித்தியைக் காப்பாற்றியது. சாப்பிட ஆரம்பித்தாள். புதைத்த மேட்டுக்குப் போய், ஜன்னல் ஓரம் கிடத்தியவர்களை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று குழி வெட்டியவர்களிடம் விசாரித்து, அந்தப் பக்கத்து மண்ணைக் கையால் கிளறித் தன்னிடமிருந்த நல்ல கல்லை உள்ளே தள்ளினாள். "வாங்கிக்கறேன்னு சொன்னியே, வாங்கிக்கோ" என்றாள். பிறகு கொட்டகை வேலைக்குத் திரும்பினாள். ஆனால் பழைய கதைகளை அதன்பிறகு யாரும் அவள் வாயிலிருந்து கேட்கவில்லை. கல்லைப் பொறுக்குவாள், போடுவாள். அவ்வளவுதான்.

காத்திருப்பு இடம் மாறிப்போனது. அதுவரை பையன் செத்துவிட்டான் என்பதில் சித்தப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பொய் சொன்ன நாளிலிருந்து அவருக்கு நம்பிக்கை போனது, அதாவது அவன் செத்தான் என்ற நம்பிக்கை. அடையாளம் தெரியாத ஆள் எந்த ஊர் மருத்துவமனையில் கிடந்தாலும் பஸ் ஏறிப் போய்விடுவார். சித்தியிடம் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். புத்தி தடுமாறிய ஒருவன், தலையெல்லாம் கட்டு, பேச்சு இல்லை. சித்தப்பா நர்ஸிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவன் சட்டையின் மேல்பித்தானைக் கழற்றி, கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்தார். மேடு இல்லை. பித்தானைத் திரும்பப் போட்டார். அந்த ஆளின் கட்டு சரியாக இல்லை என்று அவிழ்த்துப் புதிதாகக் கட்டிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே நடந்து போகிற ஆண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு வகுப்புல ஒரே போரு" என்றார். சித்தி, "உங்களுக்கு எல்லாமே போருதான்" என்று சொல்லித் தட்டு வைத்தாள். பழையபடி அவர்கள் பேசிக்கொண்டார்கள். சண்டைகூடப் போட்டார்கள்.

அப்படியே வருஷங்கள் ஓடின. சித்தப்பா ஓய்வு பெறுவதற்குள்ளேயே போய்விட்டார். ஒரு மத்தியானம் யாருக்கோ தைத்துவிட்டு, கைகழுவும் தொட்டியைப் பிடித்தபடி சரிந்தார். டாக்டரம்மா ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவரைப் பையன்களைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று சித்தி பிடிவாதமாக நின்றாள். ஊரில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நொண்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்காரன் வந்தான், பால்காரம்மா வந்தாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

"இனிமே தனியா இல்லை" என்றாள். "அப்பனும் பிள்ளையும் ஒண்ணா இருக்காங்க. இல்ல?"

"ஆமா சித்தி" என்றேன்.

வெயில் ஏறியிருந்தது. நானும் அவளும் மெதுவாக இறங்கி வந்தோம்.